மீன் போட்ட மஞ்சள் பட்டு

எழுபத்தொரு வயதில்தான் எனக்குப் பட்டுத் துணி பழக்கமாயிற்று. ஆசைப்பட்டுக் கட்டியதில்லை. மதுரையில் என் குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தின் அடியில் ஒரு கோலிக்குண்டு நுழையும் அளவுக்குத் துளை வைத்து அனுப்பினார்கள். மூச்சு இனி அந்த வழியாகத்தான். சாப்பாடு மட்டும் வாய் வழியாக. பேச்சு கிடையாது. விசிலடிக்க முடியாது. காப்பியை ஊதிக் குடிக்க முடியாது. அடுப்பில் பூண்டு வதங்கினால் வாசனை தெரியாது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறேன், சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுவேன். இதுவரை பதினான்கு நோட்டு தீர்ந்திருக்கிறது.

முப்பத்தொரு வருடம் பெரியாற்றுத் தண்ணீரை அளவுகோலில் பார்த்து எழுதியவன் நான். லோயர் கேம்ப்பில் தொடங்கி, பாளையம் வரை எந்த மதகடியில் எத்தனை அடி நிற்கும் என்பது மனப்பாடம். வேலையில் இருந்தவரை வாய்க்காலில் முங்கிக் குளிக்காத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது நெஞ்சளவு தண்ணீரில் இறங்கக் கூடாது. அலை ஒன்று எழும்பித் துளைக்குள் போனால் நின்றபடியே மூழ்கிவிடுவேன் என்று மருத்துவர் சொன்னார். சின்னமனூர் வீட்டில், முக்காலியில் உட்கார்ந்து, கழுத்துக்குக் கீழே மட்டும் பதினெட்டுச் செம்பு ஊற்றிக்கொள்கிறேன்.

துளையை மூடாமலும் இருக்க முடியாது, அடைத்தும் வைக்க முடியாது. தூசி போகக் கூடாது, காற்று போக வேண்டும். மருத்துவமனையில் தந்த நுரைப்பஞ்சுத் தகடு இரண்டு மாதத்தில் மஞ்சளாகி அரிப்பெடுத்தது. பிறகு வழக்கமாகத் தோளில் போடும் தேங்காய்ப்பூத் துண்டைச் சுற்றினேன். அதன் பிசிறு ஒவ்வொன்றாக உள்ளே போய் இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு முறை. வேட்டிக் கிழிசலில் நூல் பிரிந்தது. தேனிக் கடையில் வாங்கிய பட்டு அங்கவஸ்திரத்தில் ஜரிகை கழுத்தை அறுத்தது. மேடைகளில் போர்த்துகிற பொன்னாடை ஒன்று பீரோவில் கிடந்தது, ஓய்வு பெற்ற அன்று போட்டது. அது நைலான்; கட்டினால் காற்றே போகவில்லை. பதினோரு மூச்சுதான் தாங்கினேன்.

மகள் பெங்களூரில் ஆடை ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் மாதிரித் துணிப் பிரிவில் இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து மேசையில் கொட்டினாள். ஏழு சதுரத் துணிகள். பட்டு ஸ்கார்ஃப். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு மூன்றடிக்கு ஒரு விரற்கடை குறைவு.

"எட்டு மோமிப்பா" என்றாள்.

மோமி என்றால் என்ன என்று எழுதினேன்.

"பட்டோட கனத்துக்கு அளவு. அம்மாவோட சேலைப் பட்டு மாதிரி இருந்தா மூச்சு முட்டிரும். எட்டுன்னா ஊதுனாப் பறக்கும். பிசிறு உதிராது, ஈரம் பட்டாச் சீக்கிரம் காஞ்சிரும். ஓரத்தப் பாருங்க, மெஷின் இல்ல, கையாலயே சுருட்டித் தச்சது."

என் மனைவி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் வழியாக எதிர்வீட்டு வாசல் தெரிந்தது.

"இது பொம்பளப் பிள்ளைக கட்டுறதுல்ல?"

"வெளிநாட்டுல ஆம்பளைகளும் கட்டுவாகம்மா."

"சின்னமனூருல கட்டுவாகளாடி?"

மகள் துணியை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, அகலப் பக்கம் துளைக்கு முன்னால் தொங்குகிற மாதிரி வைத்து, இரண்டு முனைகளையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய் முடிந்தாள். பட்டு வழுக்கும், ஒரு முடிச்சு நிற்காது, இரண்டு போட வேண்டும் என்றாள். அன்று இருமல் பதினைந்து. மறுநாள் பதினொன்று.

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், முப்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கத்தில் நூற்றுத் தொண்ணூற்றாறு தையல். எதிர்ப்பக்கத்தில் நூற்றுத் தொண்ணூறுதான். ஏழும் ஏழு அச்சு. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி, சாம்பலில் குதிரை லாடம், பச்சையில் மாவிலை மாதிரி ஏதோ, ரோஜா நிறத்தில் விசிறி, சிவப்பில் கட்டம், வெள்ளையில் குடைகள். ஏழாவது மஞ்சள். நல்ல மாம்பழ மஞ்சள். அதில் நீல மீன்கள், எண்ணினால் அறுபத்து நான்கு, எல்லாம் ஒரே பக்கமாகப் போகின்றன. அதை மட்டும் கட்டவே மாட்டேன் என்று எழுதி வைத்தேன்.

மூச்சுக்குச் சுகம்தான். ஆனால் பட்டு என்னைக் காட்டிக் கொடுத்தது. அவ்வளவு மெல்லிய துணி துளைக்கு முன்னால் தொங்கினால், ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒடுங்கி வெளியே உப்பும். சும்மா இருந்தால் நிமிடத்துக்குப் பதினாறு. கோபம் வந்தால் இருபத்தாறு. என் முகத்தைப் பார்ப்பதை வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள், துணியைப் பார்த்தார்கள்.

"படபடங்குது பாரு. உப்புக் கம்மின்னு சொல்லப் போறாக" என்பாள் மனைவி, நான் நோட்டைத் திறப்பதற்குள்.

உப்புக் கம்மிதான். ஆனாலும் சொல்வதற்கு முன்பே பிடிபட்டுப்போவது ஒரு மனிதனுக்கு நல்லதில்லை.

தெருமுனை டீக்கடைக்கு ஒரே ஒரு தடவை போனேன், வெள்ளைப் புள்ளித் துணியோடு. வாசலிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. பெஞ்சில் இருந்த பழைய சிநேகிதர், என்னோடு வேலை பார்த்தவர், எழுந்து இடம் விட்டார்.

"என்ன மாப்ள, மைனர் கணக்கா? பொண்ணுப் பாக்கக் கிளம்பிட்டியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பதில் எழுத நோட்டை எடுத்தேன். எழுதி முடிப்பதற்குள் பேச்சு திராட்சை விலைக்குப் போய்விட்டது. அடுத்த நாள் காற்று அடிக்கிறது என்று மனைவி சொன்னாள். அதற்கடுத்த நாள் வயலில் மருந்து அடிக்கிறார்கள் என்று மகன் சொன்னான். பிறகு ரோட்டில் குழி தோண்டுகிறார்கள், பிறகு பனி. யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. எல்லோரும் நல்லதைத்தான் சொன்னார்கள். மொட்டை மாடிக்குப் பதினான்கு படி. கிழக்கே பதினேழு காற்றாலை தெரியும். அதில் மூன்று எப்போதும் சுற்றாது.

மாசி வந்தது.

ஆண்டிபட்டிக்கு அப்பால், வைகை அணைக்குப் போகிற வழியிலிருந்து பிரிந்து, உடைமரக் காட்டுக்குள் எங்கள் குலதெய்வம் இருக்கிறது. சிவராத்திரியை ஒட்டி வரும் மாசிப் பச்சைக்கு வகையறா முழுவதும் அங்கே கூடும். முப்பத்தெட்டுத் தலைக்கட்டு. ஒரு குடும்பத்துக்கு மூத்தவர் யாரோ அவர்தான் தலைக்கட்டு. பூசைக்கு முன்னால் தலைக்கட்டு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வீட்டையும் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் "இருக்கேன்" என்று குரல் கொடுத்து, சன்னதியைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி உள்ளே போய் சாமிக்கு முன்னால் நிற்க வேண்டும். குரல் வராவிட்டால் நோட்டில் அவர் பெயரை அடித்து, மகன் பெயரை எழுதிவிடுவார்கள். அதன் பிறகு அவர் கயிற்றுக்கு வெளியேதான், சாகும்வரை. வீட்டில் ஒரு விசேஷம் பேசினால்கூட மகனைத்தான் கேட்பார்கள்.

மூன்று முறை கூப்பிட வேண்டும், மூன்றாவதற்கும் குரல் வராவிட்டால் அடிக்க வேண்டும் என்ற விதி பழைய விதி இல்லை. நான் போட்டது. இருபத்திரண்டு வருடம் அந்த நோட்டு என் கையில் இருந்தது. அதற்கு முன் ஆளைக் காணோம் என்றால் தேடிக்கொண்டு போவார்கள், வெயில் ஏறும், பொங்கல் ஆறும். அலுவலகத்தில் இருந்த ஒழுங்கை அங்கே கொண்டுவந்தேன். நோயில் படுத்தவருக்கு ஒரு வருடம் விலக்கு, இரண்டாவது வருடம் கிடையாது என்பதும் நான் எழுதியதுதான். போன மாசியில் நான் மருத்துவமனையில் இருந்தேன். என் ஒரு வருடம் தீர்ந்துவிட்டது.

"இந்த வருசம் நான் நின்னுக்கிறேன்ப்பா" என்றான் மகன். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், கெட்டிக்காரன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவன். "முப்பது அடுப்புப் புகை. உங்களுக்கு ஆகாது. எப்படியும் என் பேருதான வரணும்?"

எப்படியும் வரும். நான் இருக்கும்போது வர வேண்டாம் என்று எழுதினேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. டீக்கடை போயிற்று, வாய்க்கால் போயிற்று. இதுவும் போனால் அந்த வீட்டுக்குள் பதினான்கு படியும் பதினேழு காற்றாலையும்தான் எனக்கு மீதி. அதை எப்படி எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை. துணி படபடத்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

"மணி வாங்கிக் கட்டிக்கிருங்க" என்றாள் மனைவி. "கூப்பிட்டா ஆட்டுங்க."

ஆட்டுக்குட்டிக்கா, என்று எழுதினேன்.

"கோயில்ல நூறு மணி ஆடும், உங்க மணி எதுன்னு எப்படித் தெரியும், அதச் சொல்லுங்க. கோவம் மட்டும் வந்துரும்."

இப்போது நோட்டு வைத்திருப்பவன் என் சித்தப்பா பேரன், செல்போன் கடைக்காரன். அவனை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். கையைத் தூக்கினால் போதுமா?

"சாமி கும்பிடுற எடத்துல எல்லாரு கையும் மேலதான் இருக்கும் பெரியப்பா. எனக்கு எப்படித் தெரியும்? வேற யாருட்டயும் இல்லாதது எதாச்சும் காட்டுங்க." என் கழுத்தைப் பார்த்தான். "இதத் தூக்கிக் காட்டுங்களேன். நல்ல கலராக் கட்டிட்டு வாங்க. நான் பங்காளிககிட்டச் சொல்லிர்றேன், துணி தெரிஞ்சாக் குரல் வந்த மாதிரின்னு."

இப்படியாக மஞ்சளைக் கட்ட வேண்டியதாயிற்று. பத்து நாள் கண்ணாடி முன் பழகினேன். இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்து, துணியைத் தலைக்கு மேல் விரித்துக் காட்டி, திரும்பக் கட்டுவது. முதல் நாள் இருபத்து மூன்று வினாடி. பத்தாம் நாள் ஒன்பது. ஒன்பது வினாடி என் கழுத்து எல்லோருக்கும் முன்னால் திறந்திருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அங்கே ஆண்கள் தோளிலும் கழுத்திலும் துணி போடக் கூடாது. எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். மகன் பூசாரியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தான். "நோவுக்குக் கட்டுனது தப்பில்லன்னு சொல்லிட்டாக" என்றான்.

ஆக எல்லாவற்றையும் எண்ணி, எழுதி, கேட்டு, சரிபார்த்துத்தான் போனேன்.

வேனில் போய் இறங்கியபோது ஒன்பதரை மணி. அடுப்புகளை எண்ணினேன், முப்பத்து நான்கு. காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. மனைவி பொங்கல் வைக்கப் போனாள். மகன் வேனை நிழலில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்றான். வெற்று மார்பும் இடுப்பில் துண்டுமாக நின்ற ஆண்களுக்கு நடுவில், கயிற்றிலிருந்து ஏழாவது வரிசையில், மஞ்சள் பட்டும் நீல மீனுமாக நான் நின்றேன். பார்த்தவர்கள் பார்வையை எடுத்துக்கொண்டார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரியும்.

ஒருவரைத் தவிர.

என் பெரியப்பா மகன், என்னைவிட மூன்று வயது மூத்தவர். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மகனோடு இருக்கிறார். வருடத்தில் ஒரு நாள், இந்தப் பச்சைக்கு மட்டும், ஜீப்பில் இறங்கி வருவார். அவருக்குக் காது கேட்காது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மாசியில் அவரை மூன்று தடவை கூப்பிட்டேன். இருபதடி தூரத்தில் உடைமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். காது மந்தம் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு மந்தம் என்று தெரியாது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு வெயில் ஏறிவிட்டிருந்தது. "மகன் பேர எழுதிட்டுப் போங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். எழுதினேன். அவர் திரும்பி வந்து கயிற்றைத் தாண்டப் போனபோது தடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. என் தொண்டையைப் பற்றி அவரிடம் போனில் யார் சொல்லியிருக்க முடியும்? என் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார் என்று அவர் மகனும் சொல்லியிருக்க மாட்டான்.

உறுமி மேளம் நின்றது. கூப்பிட ஆரம்பித்தார்கள். நோட்டில் நான் பன்னிரண்டாவது வீடு. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுத்து உள்ளே போனார்கள். ஐந்தாவது வீட்டைக் கூப்பிட்டபோது என் பிடரியில் ஒரு கை பட்டது.

"சாமிக்கு முன்னாடி கழுத்துல என்னலே இது, பொம்பளச் சீல?"

காது கேளாதவர்கள் பேசுவதைப் போல, ஊருக்கே கேட்கிற குரல். யாரென்று தெரிந்தது. திரும்புவதற்குள் பட்டு கழுத்திலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சு போட்டிருந்தேன். பட்டு வழுக்கும்.

"அண்ணே, விடுங்கண்ணே, அவுகளுக்கு..." என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். யாருக்குச் சொல்கிறார்?

"எனக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? சட்டம் பேசுனவன்தானலே நீ?"

அவர் அந்தத் துணியை எறியவில்லை. அப்படிச் செய்திருந்தால் குனிந்து எடுத்திருப்பேன். முறைப்படி செய்தார். பின்னால் நின்றபடியே துணியை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, வேட்டிக்கு மேலே, முதுகுப் பக்கம் இறுக்கி ஒரு முடிச்சு போட்டார். அதன் மேல் இன்னொன்று. ஏலக்காய் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. எட்டு மோமிப் பட்டை அப்படி இழுத்தால் முடிச்சு மிளகு அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஆறு. ஏழு.

புகை நேராக உள்ளே போயிற்று. ஒரு உள்ளங்கையால் துளையைப் பொத்திக்கொண்டேன், முழுதும் பொத்தினால் மூச்சு இல்லை, விரலிடுக்கில் விட்டு விட்டு இழுத்தேன். மற்ற கையை முதுகுக்குக் கொண்டுபோய் முடிச்சைத் தேடினேன். கண்ணாடி முன் பத்து நாள் பழகியது பிடரி முடிச்சு, இடுப்பு முடிச்சு இல்லை. நகம் நுழையவில்லை. இழுத்தால் வேட்டியும் சேர்ந்து வந்தது.

எட்டு. ஒன்பது. ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு வினாடி ஆயிற்று.

திரும்பி அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"கழுத்தப் புடிச்சுக்கிட்டு மொறைக்கிறியா? மொறைலே. நானும் பதினோரு வருசமா மொறச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

வேட்டி மடியில் செருகியிருந்த என் சின்ன நோட்டில் எழுத வேண்டும் என்றால் பொத்திய கையை எடுக்க வேண்டும். பத்து. பதினொன்று. அந்த வீட்டுக்காரர் தாண்டிப் போகும்போது அவருடைய வேர்வை என் தோளில் பட்டது.

சித்தப்பா பேரன் என் வீட்டைக் கூப்பிட்டான்.

முதல் தடவை. அவன் கண் கூட்டத்தில் மஞ்சளைத் தேடியது. அவன் உயரத்திலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும், இடுப்புகள் தெரியாது. ஒரு கையைத் தூக்கினேன். எனக்கு முன்னால் இருபது கை கும்பிட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது தடவை. மகன் எங்கிருந்தோ ஓடிவருவது தெரிந்தது. "அப்பா இருக்காகண்ணே! அங்கனதான் நிக்கிறாக!" என்று கத்தினான்.

"துணியக் காட்டணும்னு பேச்சு தம்பி. எங்க துணி?"

"மகன்தான் நிக்கிறான்ல. அவன் பேர எழுதிட்டுப் போப்பா, வெயில் ஏறுது" என்று ஒரு குரல். யார் குரல் என்று பார்க்க முடியவில்லை. ஆனால் அதைப் பதினோரு வருடத்துக்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன்.

இரண்டு கையும் வேண்டியிருந்தது. கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, இரண்டையும் முதுகுக்குக் கொண்டுபோய்ப் பிய்த்தேன். அப்போதுதான் அண்ணன் என் கழுத்தைப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க நான் அந்தத் துளை வழியாக இருமினேன். என்ன வெளியே வந்தது என்று எழுத வேண்டாம்.

அவர் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். எழுபத்து நான்கு வயது மனிதர், எனக்குப் பின்னால் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, தான் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் மூச்சு என் முதுகில் பட்டது. பல்லை வைத்துக் கடித்தார்.

மூன்றாவது தடவை.

என் காலத்தில் மூன்றாவதற்குப் பிறகு நான் மூன்று மூச்சுதான் பொறுப்பேன். அவன் எவ்வளவு பொறுத்தான் என்று தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணத் தவறிவிட்டேன். அவன் பேனா மூடியைக் கழற்றியது மட்டும் தெரிந்தது.

பட்டு கிழிகிற சத்தம் மெல்லிசாக, நீளமாக இருக்கும். அதைக் கேட்டேன். எழுந்து நின்ற அண்ணன் கையில் துணி இருந்தது. அதை என்னிடம் தரவில்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஒரு ஓரம் கிழிந்து, மீன்கள் பாதிப் பாதியாகத் தொங்க, அந்த மஞ்சள் காற்றில் விரிந்து நின்றது.

"இருக்கான்லே! இங்கனதான் இருக்கான்! கண்ணு தெரியலயா உனக்கு? இருக்கான்!"

அவருக்கு என் பெயரைக் கூப்பிட்டது கேட்டிருக்காது. மூன்றாவது அழைப்பு என்றும் தெரிந்திருக்காது. ஆனால் பேனா நோட்டில் இறங்கப் போவதும், எல்லோரும் திரும்பி ஒரே ஆளைப் பார்ப்பதும் எப்படி இருக்கும் என்று, பதினோரு வருடமாகக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தவருக்குத் தெரியும்.

"துணி தெரிஞ்சிருச்சு" என்றான் சித்தப்பா பேரன். பேனாவை மூடினான்.

கூட்டம் வழி விட்டது, நான் கயிற்றைத் தாண்டினேன். தாண்டிய பிறகுதான் துணி அவரிடம் இருக்கிறது என்பது உறைத்தது. உள்ளே போனவர் பூசை முடியும்வரை வெளியே வரக் கூடாது. அதுவும் பழைய விதி, நான் போட்டதில்லை. அவர் கயிற்றுக்கு வெளியே, எட்டடி தூரத்தில், துணியை நீட்டிக்கொண்டு நின்றார். நடுவில் இரண்டு வரிசை ஆட்கள். இன்னும் இருபத்தாறு வீட்டைக் கூப்பிட்டு, பூசை நடந்து, திருநீறு வாங்க நாற்பத்தொரு நிமிடம். அத்தனை நேரமும் முப்பத்தேழு பேருக்கும் சாமிக்கும் முன்னால் திறந்த கழுத்தோடு நின்றேன். எதற்காக வந்தேனோ அது கிடைத்துவிட்டது. அதற்குள்ளிருந்து வெளியே போக வழி இல்லை. இருமல் அறுபத்தெட்டு. பிறகு எண்ணவில்லை.

முடிந்ததும் உடைமரத்தடிக்குப் போனேன். அண்ணன் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். துணியை மடித்துத் தொடையில் வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். முதலில் ஆபரேஷனைப் பற்றி நான்கு வரி. பிறகு பக்கத்தைத் திருப்பி, பதினோரு வருடமாக எழுதாததை எழுதினேன். உங்களுக்குக் காது மந்தம் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். ஆளை அனுப்பித் தோளைத் தொடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது என்று பெயரை அடித்துவிட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இப்ப எழுதிக் காட்டுற. அன்னிக்கே எழுதிக் காட்டியிருக்கலாம்ல?" என்றார். "பேச்சு வராமப் போனாத்தான் உனக்கு எழுத வரும்போல."

அந்தக் குரலுக்குச் சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர் கவனிக்கவில்லை. துணியின் கிழிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்ல துணி. கிழிச்சுட்டேன். தச்சுத் தாரேன்." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, நானே வச்சுக்கிறேன். மலைமேல காதுக்குக் குளுரும். கேக்கலைன்னாலும் குளுருது பாரு, அதான் அநியாயம்."

தலையைச் சுற்றிக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கிழிந்த முனை நெற்றிக்கு மேலே நின்றது. மதியம் ஜீப்பில் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தபோதும் அது அவர் தலையில்தான் இருந்தது. ஜீப்பில் பதினாறு பேர். பதினைந்து தலை கறுப்பும் நரையும், ஒன்று மஞ்சள்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது ஆடிக் காற்று. பள்ளத்தாக்கு முழுவதும் மண் பறக்கிறது. சன்னல் ஒன்பதையும் சாத்தியிருக்கிறார்கள். காற்றாலைகளைப் பார்க்க மாடிக்கு விட மாட்டேன் என்கிறார்கள். அந்த மூன்றும் இந்தக் காற்றிலாவது சுற்றுகிறதா என்று தெரியவில்லை. பெயர் நோட்டில் இருக்கிறது, ஆள் வீட்டுக்குள்தான்.

அண்ணன் பெயரைத் திரும்ப எழுத வேண்டும் என்று சித்தப்பா பேரனுக்கு எழுதி அனுப்பினேன். அடித்த பெயரைத் திரும்ப எழுதும் வழக்கம் இல்லை, பங்காளிகள் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. மாசிக்கு இன்னும் இருநூற்று ஒன்பது நாள். பதினோரு வீட்டுக்குத் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள். இன்னும் எழுத வேண்டியது இருபத்தாறு.

"அந்த மஞ்சளக் கேட்டு வாங்கிருங்களேன். கிழிஞ்சாலும் பட்டுல்ல" என்றாள் மனைவி இன்று காலையில்.

வேண்டாம் என்று எழுதினேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை. சிவப்புக் கட்டம் போட்ட துணியைப் பார்த்தாள், அது நிமிடத்துக்குப் பதினாறாக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, சரி என்று உள்ளே போனாள்.